மைக்ராஸ்கோப்பில் சரியாகத் தெரியவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

செய்முறை வகுப்பில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "இந்த மைக்ராஸ்கோப் ரிப்பேர்." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கருவியில் ஒன்றும் இருக்காது. ஸ்லைடு தலைகீழாக இருக்கும், இல்லையென்றால் லென்ஸில் யாரோ விட்டுப்போன எண்ணெய் இருக்கும், அதுவும் இல்லையென்றால் ஒளி வரும் துளையைத் திறந்து மூடும் டயஃப்ரம் அகலத் திறந்து கிடக்கும். பல வருடங்களாக மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு வழி உண்டு: எதையும் பொத்தாம்பொதுவாகத் திருகாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது கோளாறும் கூடவே அசைகிறதோ, கோளாறு அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இங்கே சொல்வது வகுப்பறைகளில் இருக்கும் சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு. 4, 10, 40, 100 மடங்கு என நான்கு பொருளருகு லென்ஸ், 10 மடங்கு கண்ணருகு லென்ஸ், ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் ஒரு கண்டென்சர் என்ற அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே இருட்டு, எதுவுமே தெரியவில்லை

விளக்கு எரிகிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். எரியவில்லை என்றால் ப்ளக், சுவிட்ச், வெளிச்சத்தைக் கூட்டும் குமிழ், ஃபியூஸ், பல்பு என்ற வரிசையில் போங்கள். ஹாலஜன் பல்பை மாற்றுவதாக இருந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, அது ஆறும்வரை காத்திருங்கள். புதிய பல்பை வெறும் விரலால் தொடக்கூடாது. தோலின் எண்ணெய் ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். டிஷ்யூ காகிதத்தால் பிடித்துப் பொருத்துங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனாலும் இருட்டு என்றால் லென்ஸ் சுழலும் தட்டு 'க்ளிக்' என்று உட்காரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். அடுத்தது முழுக்க மூடிய டயஃப்ரம். விளக்குக்குப் பதில் கண்ணாடி வைத்த பழைய மாதிரி என்றால் கண்டென்சர் இருக்கும்போது தட்டைப் பக்கத்தையும், கண்டென்சர் இல்லாதபோது குழிந்த பக்கத்தையும் பயன்படுத்த வேண்டும். அந்தக் கண்ணாடியை ஒருபோதும் நேரடிச் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள், கண் போய்விடும்.

வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை போல இருட்டு

மறுபடியும் அந்த 'க்ளிக்' தான். லென்ஸ் பாதியில் நிற்கிறது. அது சரியாக இருந்தால் கண்டென்சர் மையத்திலிருந்து விலகியிருக்கலாம், அல்லது அதன் அடியில் இருக்கும் ஃபில்டர் பாதி வெளியே வந்திருக்கலாம். விளிம்பு முழுக்கச் சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கண்டென்சர் மிகவும் கீழே இறங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். மேடைக்கு மிக அருகில் வரும்வரை மேலே ஏற்றுங்கள்.

10இல் பளிச்சென்று தெரிகிறது, 40இல் மங்கிவிடுகிறது

எல்லாக் குறைகளிலும் இதுதான் அதிகம் வரும், அதிகம் குழப்பும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

10இல் குவியம் சரியாக இருந்தால் 40க்கு மாற்றியதும் ஏறக்குறைய சரியாகவே இருக்க வேண்டும், குவியத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் சிறிய குமிழைக் கொஞ்சம் திருப்பினால் போதும். லென்ஸ்களை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அப்படி வரவில்லை என்றால், சிறிய குமிழை மெதுவாகத் திருப்பியபடி எந்த மாதிரி மங்கல் என்று கவனியுங்கள். இரண்டு வகை உண்டு.

முதல் வகையில், படம் கிட்டே வருவது போல இருக்கும், ஆனால் தெளிவு வருவதற்குள் லென்ஸ் கண்ணாடியைத் தொட்டுவிடும். இப்படி நடந்தால் உடனே நிறுத்துங்கள். 40 மடங்கு லென்ஸின் முனைக்கும், பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்புக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். ஸ்லைடின் தடிமனோ 1 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல். ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருந்தால், பார்க்க வேண்டிய பொருள் அந்தக் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். 40ஆல் அதை எட்டவே முடியாது. 10 மடங்கு லென்ஸுக்குப் பல மில்லிமீட்டர் தூரம் இருப்பதால் அது எந்தக் குறையும் காட்டாமல் பொருளைத் தெளிவாகக் காட்டிவிடும். அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு ஏமாற்றுகிறது. நிரந்தர ஸ்லைடு என்றால் லேபிள் மேலே பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லையென்றால் நகத்தால் விளிம்பை மெல்லத் தடவுங்கள், கவர்ஸ்லிப்பின் படி எந்தப் பக்கம் தட்டுகிறதோ அதுவே மேல்பக்கம்.

தலைகீழாக இல்லை, ஆனாலும் லென்ஸ் இடிக்கிறது என்றால் பொருள் தடிமனாக இருக்கிறது, அல்லது கவர்ஸ்லிப்புக்கு அடியில் தண்ணீர் அதிகம். வெங்காயத் தோல் மடிந்து கிடந்தாலும் இதேதான். வடிதாளின் முனையை விளிம்பில் வைத்து மிகுதித் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். மடிந்திருந்தால் புதிதாகச் செய்வதே நல்லது, சரிசெய்யப் போய் கிழித்துவிடுவோம்.

இரண்டாம் வகையில் லென்ஸ் எதிலும் இடிக்காது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் பாலில் நனைத்தது போல இருக்கும். கூர்மையான ஒரு புள்ளி எங்கேயும் வராது. இதற்குப் பெரும்பாலான நேரம் காரணம், 40 மடங்கு லென்ஸின் முனையில் ஒட்டிய எண்ணெய் அல்லது காய்ந்த சாயம். முந்தைய வகுப்பில் யாராவது எண்ணெய் போட்டு 100இல் பார்த்துவிட்டு அப்படியே 40க்குத் திரும்பியிருப்பார்கள். உறுதிசெய்ய எளிய வழி உண்டு: கண்ணருகு லென்ஸ் ஒன்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள், அது நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிவிடும். அதன் வழியாக 40இன் முனையைப் பாருங்கள். படலம் இருந்தால் அப்படியே தெரியும்.

துடைக்க லென்ஸ் காகிதம் மட்டும்தான். சட்டை நுனி, கைக்குட்டை, பஞ்சு, சாதாரண டிஷ்யூ எதுவும் வேண்டாம். முதலில் காற்றூதும் பல்பால் தூசியைப் போக்குங்கள், தூசியோடு துடைத்தால் அதுவே கீறிவிடும். அப்புறம் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் லென்ஸ் திரவத்தில் காகிதத்தை லேசாக நனைத்து, மையத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தாமல் துடையுங்கள். திரவத்தை லென்ஸின் மீது நேராக ஊற்றக்கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

லென்ஸ் சுத்தமாகவே இருக்கிறதா? அப்படியானால் கவர்ஸ்லிப்பைச் சந்தேகப்படுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் 160/0.17 என்றோ, முடிவிலிக் குறிக்குப் பக்கத்தில் 0.17 என்றோ எழுதியிருக்கும். அந்த 0.17 தான் கவர்ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். லென்ஸின் கணக்கே அந்தத் தடிமனை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது இரண்டு ஒட்டிக்கொண்டே வந்தால் தடிமன் 0.34 ஆகிவிடும், ஒளிக்கதிர்கள் ஒரே இடத்தில் சேராது. கவர்ஸ்லிப்பே போடாவிட்டாலும் இதே கதை. 4, 10 மடங்கு லென்ஸ்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 40இல் நன்றாகவே தெரியும்.

கரும்புள்ளி, முடி, தூசி தெரிகிறது

முதலில் சொன்ன வழி இங்கே அப்படியே பொருந்தும். ஸ்லைடை நகர்த்துங்கள், புள்ளியும் நகர்ந்தால் அழுக்கு ஸ்லைடில். நகரவில்லையென்றால் கண்ணருகு லென்ஸை அதன் இடத்திலேயே சுழற்றுங்கள், புள்ளியும் சுற்றினால் அங்கே. அதுவும் இல்லையென்றால் பொருளருகு லென்ஸை மாற்றிப் பாருங்கள், மறைந்தால் அந்த லென்ஸில். எதற்கும் அசையாமல், கண்டென்சரை ஏற்றி இறக்கும்போது மட்டும் தெளிவாகி மங்கினால் அது கண்டென்சரிலோ விளக்கின் மேல்கண்ணாடியிலோ இருக்கும் தூசி.

நீங்கள் கண்ணை அசைக்கும்போது மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும் மங்கலான நூல்கள் வேறு. அவை உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதப்பவை. வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது நன்றாகத் தெரியும். அவற்றை நோட்டில் உயிரி என்று வரைந்துவைத்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், வரைந்ததில் தப்பே இல்லை, உண்மையில் தெரிந்ததைத்தான் வரைந்திருந்தார்கள்.

வெளிச்சம் நிறைய இருக்கிறது, செல்லைத்தான் காணோம்

டயஃப்ரம் முழுக்கத் திறந்திருக்கிறது. உயிருள்ள செல்லில் பெரும்பகுதி தண்ணீர். ஒளியை உறிஞ்சும் நிறம் அதில் இல்லை, சுற்றியுள்ள நீருக்கும் அதற்கும் ஒளிவிலகல் வித்தியாசமும் மிகக் கொஞ்சம். தெளிந்த தண்ணீருக்குள் கண்ணாடித் துண்டைத் தேடுவது போலத்தான். டயஃப்ரத்தை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள், செல்சுவர்களும் உட்கருவும் மேலெழுந்து வரும்.

ஆனால் இங்கே ஓர் அளவு உண்டு. மிகவும் மூடினால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு கோடு நிழல்போல வரும், ஒற்றைச் சுவர் இரட்டைச் சுவராகத் தெரியும். நுண்ணிய விவரங்களும் காணாமல் போகும். சரியான அளவைக் கண்டுபிடிக்க, கண்ணருகு லென்ஸைக் கழற்றிக் குழாய்க்குள் நேராகப் பாருங்கள். வெளிச்ச வட்டம் ஒன்று தெரியும். டயஃப்ரத்தை மூடிக்கொண்டே வந்து, அந்த வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்ற வேண்டும். வெளிச்சம் கூடுதலாக இருந்தால் அதை விளக்கின் குமிழில் குறையுங்கள், டயஃப்ரத்தில் வேண்டாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

சாயமும் உதவும். வெங்காயத் தோலுக்கு நீர்த்த அயோடின், கன்ன உட்தோல் செல்லுக்கு மெத்திலீன் நீலம். கன்னச் செல்லை வெறும் தண்ணீரில் வைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து உப்பும். 0.9 சதவீத உப்புக் கரைசலில் வையுங்கள். எல்லாமே அடர்நீலமாகி உட்கரு தெரியவில்லை என்றால் சாயம் அதிகம். கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு உப்புக் கரைசலை விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வைத்து இழுத்தால் மிகுதிச் சாயம் வெளியேறும்.

சாயமே போடாமல் உயிருள்ள செல்லைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமா? அதற்குத்தான் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன ஒளிவிலகல் வித்தியாசத்தை வெளிச்ச வித்தியாசமாக மாற்றிக்காட்டும் இந்த முறைக்காக ஃபிரிட்ஸ் செர்னிக்கேவுக்கு 1953இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

தடித்த கறுப்பு வளையங்கள்

காற்றுக் குமிழ்கள். கச்சிதமான வட்டம், கனத்த கறுப்பு ஓரம், நடுவில் வெளிச்சம். செல்லில் இவ்வளவு தடித்த ஓரம் வராது. கவர்ஸ்லிப்பின் ஓர் ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவைத்து, 45 பாகை சாய்வில் ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கினால் குமிழ் வராது.

ஒன்றும் ஓரிடத்தில் நிற்கவில்லை

எது நிற்கவில்லை என்பதைப் பொறுத்து விடை மாறும். கையை எடுத்த பிறகும் படம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனால் மேடை தன் எடையால் கீழிறங்குகிறது. பெரிய குமிழுக்குப் பக்கத்தில் இறுக்கத்தைக் கூட்டும் வளையம் இருக்கும், அதைச் சற்று இறுக்குங்கள். கையேட்டில் சொல்லியிருந்தாலொழிய இரண்டு பக்கக் குமிழ்களையும் எதிரெதிராகத் திருக்காதீர்கள், பல்சக்கரம் தேய்ந்துவிடும்.

எல்லாத் துகள்களும் ஒரே திசையில் ஆறு போல ஓடினால் விளிம்பில் தண்ணீர் ஆவியாகிறது. விளிம்பைச் சுற்றி வாசலினோ நகப்பூச்சோ தடவி அடைத்துவிடலாம்.

துகள்கள் இருந்த இடத்திலேயே துடிதுடிக்கின்றனவா? இது பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று நினைத்து ஏமாறும் இடம். 1827இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்கள் நீரில் இப்படித் துடிப்பதைக் கவனித்தார். உயிரற்ற பொருள்களின் தூளும் அப்படியே துடிப்பதைப் பார்த்ததும் இது உயிரின் அடையாளம் இல்லை என்று முடிவுக்கு வந்தார். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் வரும் அசைவு இது. உண்மையிலேயே நீந்தும் பாக்டீரியா ஒரு திசையில் தன் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரம் போகும், திரும்பும், பக்கத்தில் உள்ளதைக் கடந்துபோகும். சந்தேகம் என்றால் அதே மாதிரியைச் சூடாக்கிக் கொன்று இன்னொரு ஸ்லைடு செய்து பாருங்கள். அதிலும் துடித்தால் பிரவுன் இயக்கம்தான்.

100 மடங்கில் இருட்டாகவும் மங்கலாகவும் இருக்கிறது

எண்ணெய் போட்டீர்களா? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, காற்றுடையது 1. இடையில் காற்று இருந்தால் சாய்வாக வரும் கதிர்கள் விலகி லென்ஸுக்குள் நுழையாமலே போய்விடும். 1.515 அளவுள்ள எண்ணெய் அந்த இடைவெளியைக் கண்ணாடி போலவே ஆக்கிவிடுகிறது. இழக்கும் கதிர்களில்தான் நுண்விவரம் இருக்கிறது. 1873இல் எர்ன்ஸ்ட் அபே காட்டியது இதைத்தான்: எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை உருப்பெருக்கம் தீர்மானிப்பதில்லை, லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பைப் பிடிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. லென்ஸில் 40க்குப் பக்கத்தில் 0.65 என்றும் 100க்குப் பக்கத்தில் 1.25 என்றும் எழுதியிருப்பது அந்த அகலம். பச்சை ஒளியில் முன்னதால் ஏறக்குறைய 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியையும், பின்னதால் 0.27 மைக்ரோமீட்டரையும் பிரித்துக்காட்ட முடியும். எண்ணெய் இல்லாமல் 100ஐப் பயன்படுத்தினால் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலாகத்தான்.

எண்ணெய் போட்டும் மங்கலா? எண்ணெய்க்குள் குமிழ் சிக்கியிருக்கலாம். கண்ணருகு லென்ஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் வட்டத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸைச் சற்றே பக்கவாட்டில் சுழற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள், போகவில்லையென்றால் துடைத்துவிட்டுப் புதுச் சொட்டு. இருட்டாக இருந்தால் கண்டென்சரை முழுக்க மேலேற்றி டயஃப்ரத்தைத் திறவுங்கள்.

எண்ணெய் போட்ட பிறகு 40க்குத் திரும்பாதீர்கள். ஒரு முறை எண்ணெய் வந்தால் அந்த ஸ்லைடுக்கு இனி 100 மட்டும்தான், வேண்டுமானால் 4க்குப் போகலாம். வேலை முடிந்ததும் உலர்ந்த லென்ஸ் காகிதத்தால் எண்ணெயை ஒற்றியெடுங்கள்.

இரண்டு வட்டம் தெரிகிறது, தலை வலிக்கிறது

கண்ணருகு லென்ஸ்களின் இடைவெளி உங்கள் கண்களுக்குப் பொருந்தவில்லை. இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை விரியுங்கள் அல்லது சுருக்குங்கள். ஒரு கண்ணருகு லென்ஸில் மட்டும் குவியத்தைத் தனியாகச் சரிசெய்யும் வளையம் இருக்கும். வளையம் இல்லாத பக்கத்தில் ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக் குவியம் வையுங்கள், மறுகண்ணுக்கு அந்தப் பக்க வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். பார்க்கும்போது தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது போலக் கண்ணைத் தளரவிடுங்கள்.

வெங்காய வேர்நுனியில் செல் பிரிவைக் காணவில்லை

இனி வருபவை ஸ்லைடு தயாரிப்பில் நேரும் பிழைகள். செல்கள் எல்லாம் நீண்ட செவ்வகமாக இருந்தால் தப்பான இடத்தை வெட்டியிருக்கிறீர்கள். பிரியும் செல்கள் நுனியிலிருந்து 1 அல்லது 2 மி.மீ.க்குள்தான் இருக்கும். அங்கே செல்கள் சதுரமாக, இடத்தை அடைத்துக்கொண்ட பெரிய உட்கருவோடு தெரியும். பல வேர்நுனிகளைச் சேர்த்து வெட்டும்போது எது நுனி, எது வெட்டிய பக்கம் என்று மறந்துவிடுவது சகஜம். சாயம் போட்ட பிறகு நுனிதான் அதிகம் கறுத்திருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் அமிலத்தில் போதிய நேரம் வைக்கவில்லை. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 பாகை செல்சியஸில் சில நிமிடங்கள் வைத்தால் செல்களை ஒட்டவைக்கும் பொருள் இளகும். அப்புறம் கவர்ஸ்லிப்பின் மேல் வடிதாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் அசைத்தால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். அமிலத்தோடு வேலை என்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.

இடமும் சரி, பரவலும் சரி, ஆனாலும் உட்கருக்கள் மங்கலான பந்துகளாக இருந்தால், செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் வேலையில் (நிலைநிறுத்தல்) சிக்கல். எத்தனால் மூன்று பங்கு, பனி அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்ற கலவையை அன்றன்றே கலக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராகிவிடும். அப்புறம் ஒன்று, எல்லாம் சரியாகச் செய்தாலும் பெரும்பாலான செல்கள், பிரியாமல் இருக்கும் இடைநிலையில்தான் இருக்கும். ஸ்லைடை வரிசை வரிசையாக, வயல் உழுவது போலப் பொறுமையாகத் தேடுங்கள். பிரிநிலை செல் ஒன்று முதன்முதலாகக் கண்ணில் படும் தருணம் அந்தத் தேடலுக்குத் தகும்.

கிராம் சாயத்தில் எல்லாமே சிவப்பு, அல்லது எல்லாமே ஊதா

பாக்டீரியாவை ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என இரண்டாகப் பிரித்துக்காட்டும், ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட இந்த முறையில் ஆட்டம் முழுக்க நிறம் நீக்கும் அந்தச் சில நொடிகளில்தான். ஆல்கஹால் அதிக நேரம் நின்றால் கிராம் பாசிட்டிவ் செல்களும் ஊதாவை இழந்து சாஃப்ரனினின் சிவப்பை எடுத்துக்கொள்ளும். வழியும் திரவத்தில் ஊதா நின்றதும் உடனே தண்ணீரில் கழுவுங்கள். பாக்டீரியா வளர்ப்பு பழசாக இருந்தாலும் செல்சுவர் தளர்ந்து இதே விளைவு வரும், 18 முதல் 24 மணி நேர வளர்ப்பை எடுப்பது நல்லது. சுடரில் அதிகம் காட்டியதாலும் வரலாம்.

எல்லாமே ஊதா என்றால் ஸ்லைடில் பூசிய பாக்டீரியாப் பூச்சு தடிமன். காய்ந்த பூச்சின் அடியில் அச்செழுத்தை வைத்தால் படிக்க முடிகிற அளவு மெல்லிசாக இருக்க வேண்டும். எது பிழை, எது உண்மை என்று தெரிய, அதே ஸ்லைடின் இரு ஓரங்களில் ஸ்டெஃபைலோகாக்கஸையும் ஈ. கோலையையும் பூசி வையுங்கள். முன்னது ஊதாவாகவும் பின்னது சிவப்பாகவும் வந்தால்தான் நடுவில் இருக்கும் உங்கள் மாதிரியின் நிறத்தை நம்பலாம்.

எவ்வளவு துடைத்தாலும் போகாத சிலந்திவலை

லென்ஸின் உள்ளே பூஞ்சை. வெளிப்புறம் சுத்தமாக இருந்தும் படம் எல்லா ஸ்லைடிலும் வெளிறி, தலைகீழ்க் கண்ணருகு லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது கிளைவிட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அதுதான். ஈரக்காற்றில், இருட்டில், மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கருவியில் வரும். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அதனால் தாமதிக்க வேண்டாம். லென்ஸை நீங்களே பிரிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கண்ணாடிகளின் இடைவெளி இம்மி பிசகினாலும் அந்த லென்ஸ் பழைய நிலைக்கு வராது. அந்த ஒரு லென்ஸை மட்டும் கழற்றித் தனிப்பெட்டியில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மற்ற லென்ஸ்களை சிலிகா ஜெல் வைத்த மூடிய பெட்டியில் வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்ப வைக்கலாம்.